திருப்பத்தூர் தாலுகா எந்த மாவட்டம்? வட ஆற்காடு உடைந்து வந்த வழி

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. திருப்பத்தூருக்குத் தெற்கே எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் சொச்சம் மானாவாரி நிலத்தின் காகிதங்கள் எல்லாம் அதில்தான். அப்பா போன பிறகு பாகப்பிரிவினைக்காக அதைத் திறந்து, தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினேன். கொள்ளுத்தாத்தா 1907-இல் வாங்கிய கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் 'சேலம் ஜில்லா, திருப்பத்தூர் தாலூகா' என்று தொடங்குகிறது. தாத்தா 1938-இல் பங்காளியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியபோது அதே நிலம் 'வட ஆற்காடு ஜில்லா'வில் இருக்கிறது. அப்பா 1991-இல் அடமானம் வைத்த காகிதத்தில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்', 2004-இல் அதைத் தீர்த்த ரசீதில் 'வேலூர் மாவட்டம்'. இப்போது நாங்கள் எழுத வேண்டியது 'திருப்பத்தூர் மாவட்டம்'.

ஐந்து பெயர். ஐந்திலும் மாறாமல் வருகிற ஒரே சொல் 'திருப்பத்தூர் தாலுகா'.

அன்று தரையில் உட்கார்ந்துகொண்டு அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மாவட்டங்களின் வரலாற்றை எல்லோரும் 'இந்த ஆண்டு இது இரண்டாகப் பிரிந்தது, அந்த ஆண்டு அது மூன்றாகப் பிரிந்தது' என்று மாவட்டத்தின் கண்ணிலிருந்தே சொல்கிறார்கள். தாலுகாவின் கண்ணிலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. மாவட்டம் என்பது செங்கல் அடுக்கு, தாலுகாதான் செங்கல். சென்னையில் இருக்கிற அரசு அடுக்கைக் கலைத்துக் கலைத்து மறுபடி அடுக்குகிறது, பெரும்பாலும் செங்கல் முழுசாகவே இடம் மாறுகிறது. செங்கல்லையே உடைக்க வேண்டி வந்த இடங்களில்தான் வருடக்கணக்கில் வலி. வட ஆற்காட்டை எடுத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆற்காடு இல்லாத ஆற்காடு

முதலில் பெயர். ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகரம் (இந்தக் கர்நாடகம் இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டிலிருந்து நவாபுகள் ஆண்ட சீமை). 1801 ஜூலை 31-இல் நவாப் அசீம் உத் தௌலாவுடன் செய்த ஒப்பந்தத்தின் வழியே கிழக்கிந்தியக் கம்பெனி கர்நாடகத்தின் நிர்வாகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது. நவாபுக்குப் பட்டமும் வருமானத்தில் ஒரு பங்கும் மிஞ்சின. அப்படிக் கைக்கு வந்த ஆற்காட்டுச் சீமையை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கியதில் வந்தவைதான் வட ஆற்காடும் தென்னாற்காடும்.

ஆனால் வட ஆற்காட்டின் கலெக்டர் ஆற்காட்டில் உட்காரவில்லை. சித்தூரில் உட்கார்ந்தார். 1911 வரை சித்தூர்தான் ஜில்லாவின் தலைநகர், அதற்குப் பிறகு வேலூர். ஆற்காடு தன் பெயரை இரண்டு ஜில்லாக்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாலுகா ஊராகவே இருந்தது, இன்றைக்கும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகாதான். ஒரு ஊரின் பெயர் இருநூறு ஆண்டு காலம் இவ்வளவு பெரிய நிலப்பரப்பின் மேல் இருந்துவிட்டு, இப்போது எந்த மாவட்டப் பெயரிலும் இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எங்கள் பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஊர் கேட்டால் இன்றும் 'வட ஆற்காடு திருப்பத்தூர்' என்றுதான் சொல்வார்கள். சிவகங்கைப் பக்கமும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் அந்த முன்னொட்டு இல்லாமல் முடியாது. கடிதம் அங்கே போய்விடும்.

அந்தப் பழைய ஜில்லா எவ்வளவு பெரியது என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 7,000 சதுர மைலுக்கு மேல். மேற்கே பலமநேர், புங்கனூர் மேட்டு நிலம். வடக்கே சந்திரகிரி, காளகஸ்தி, அதாவது திருப்பதி மலையும் அதற்குள்தான். கிழக்கே கார்வேட்டிநகரம் ஜமீன், அதற்குள் திருத்தணி. தெற்கே போளூர், ஆரணி, வந்தவாசி. வந்தவாசியில் ஒரு விவசாயிக்குக் கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், காரியம் என்றால் ஆற்காடு தாண்டி, பாலாறு தாண்டி, சித்தூர் வரை போக வேண்டும், நூறு கிலோமீட்டருக்குக் குறையாத வழி. தமிழும் தெலுங்கும் ஒரே கச்சேரியில் புழங்கின. யாரும் அதை அப்போது விநோதமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த எல்லைகளைப் போட்டவர்கள் மொழியைப் பார்த்துப் போடவில்லை. எந்தப் பாளையம் எப்போது அடங்கியது, எந்த ஜமீன் எவ்வளவு பேஷ்குஷ் (கப்பம்) கட்டுகிறது என்று பார்த்துப் போட்டார்கள்.

எங்கள் செங்கல் வந்த வழி

இந்த 1801 கதையில் திருப்பத்தூர் இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் தாலுகா நவாப் கையிலிருந்து வந்தது அல்ல, திப்பு சுல்தான் கையிலிருந்து வந்தது. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் திருப்பத்தூரை உள்ளடக்கிய பாரமகால் சீமை ஒன்று. அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள், அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரீட் திருப்பத்தூரில் இருந்துகொண்டுதான் வேலை பார்த்தார். நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவன் பேரிலும் தனியாகத் தீர்வை போடுகிற ரயத்துவாரி முறை இந்தப் பாரமகாலில்தான் முளைவிட்டது. பின்னால் மன்றோ அதைச் சென்னை மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார்.

நம் கையில் இருக்கிற பட்டா என்கிற காகிதத்தின் வேர் இந்தப் பக்கத்து மண்ணில் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி நின்றிருப்பேன்.

பாரமகால் சேலத்தோடு சேர்ந்து ஒரே ஜில்லா ஆனது. ஆகவே கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தில் சேலம் ஜில்லா. வாணியம்பாடியும் அப்போது திருப்பத்தூர் தாலுகாவுக்குள்தான்.

1911 ஏப்ரல் 1

அந்தக் காலகட்டத்தில் சென்னை மாகாண அரசு பெரிய ஜில்லாக்களைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தது. 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். அடுத்த ஆண்டு எங்கள் பக்கம். 1911 ஏப்ரல் 1-இல் வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்களையும், கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும், காளகஸ்தி, புங்கனூர், கார்வேட்டிநகரம் ஜமீன் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா பிறந்தது.

தலைநகரையே பறிகொடுத்த வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகர் ஆனது. பறிபோன பரப்புக்கு ஈடாகத் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் செங்கல் வந்தது: தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலை, சேலத்திலிருந்து திருப்பத்தூர். என் தாத்தா தலைமுறை ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கும்போது ஜில்லா மாறியிருந்தது. சேலத்துக்குப் போகவேண்டியவர்கள் வேலூருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். தாலுகா கச்சேரி அதே இடம், கர்ணம் அதே ஆள், கிராமக் கணக்குப் புத்தகங்கள் அதே அலமாரி. அதனால்தான் ஜனங்களுக்கு அது பெரிதாக வலிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு யோசனை வராமல் இருக்காது. 1911-இல் எங்களைச் சேலத்திலேயே விட்டிருந்தால்? 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எங்கள் ஊர் இன்று அநேகமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்திருக்கும். ஊத்தங்கரைப் பக்கம் பெண் கொடுத்து எடுக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ. உறவு அந்தப் பக்கம் போகிறது, மனு வேலூர்ப் பக்கம் போனது.

திருத்தணி: செங்கல் உடைந்த இடம்

1911-இல் போட்ட கோடு வெறும் ஜில்லாக் கோடு. நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து அது மாநில எல்லை ஆகும் என்று போட்டவர்கள் நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா முழுசாக ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது, ஆகவே திருத்தணியும் போனது. முருகன் கோயிலும், படிப்பூஜைக்கு ஏறுகிற படிகளும், சுற்றியுள்ள தமிழ்க் கிராமங்களும் ஒரே ராத்திரியில் வேறு மாநிலம். வட ஆற்காட்டிலேயே விட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. நிர்வாக வசதிக்காகப் போட்ட ஒரு கோடு பின்னால் வருகிறவர்கள் கையில் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. கேட்டது திருத்தணி மட்டும் இல்லை, திருப்பதி, சித்தூர், புத்தூர் எல்லாம் கேட்டார்கள். சிறைக்குப் போனார்கள், உயிர்ப்பலியும் ஆனது. கடைசியில் எச்.வி. பட்டாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து இரு மாநிலமும் பேசின. அப்போது எடுத்துக்கொண்ட அலகு கிராமம். இந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அது அடுத்த கிராமத்தோடு தொடர்ச்சியாக ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே என்பதால் 1959-இல் தனிச் சட்டம் வந்தது, அது 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

1911 ஏப்ரல் 1-இல் போன திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் திரும்பியது. சரியாக நாற்பத்தொன்பது ஆண்டு. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு ஜில்லாவின் வடக்கு ஓரத்திலிருந்தும் சேலம் ஜில்லாவின் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான். நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. இன்றும் திருத்தணியிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் போனால் எங்கே தமிழ் முடிந்து எங்கே தெலுங்கு தொடங்குகிறது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. போர்டைப் பார்த்தால்தான் தெரியும்.

திரும்பி வந்த திருத்தணியை வட ஆற்காட்டில் சேர்க்கவில்லை, செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்த்தார்கள். 1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது திருத்தணி திருவள்ளூருக்கு. ஆனால் ஓட்டுப் போடும்போது மட்டும் இன்றைக்கும் திருத்தணி அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதிக்குள், அதாவது பழைய வட ஆற்காட்டுக்காரர்களோடு.

1989-உம் பெயர்களும்

1989 செப்டம்பர் 30-இல் வட ஆற்காடு மறுபடி இரண்டானது. தெற்குப் பாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்: திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பகுதிகள். வடக்குப் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இந்தப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாலுகாக்கள் முழுசாகப் போயின, திருவண்ணாமலை ஏற்கெனவே பெரிய ஊர், பிரிவு தேவைப்பட்ட ஒன்று.

பெயர்கள்தான் கவனிக்க வேண்டியவை. சம்புவராயர்கள் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள், அந்தப் பெயருக்கு மண்ணோடு தொடர்பு உண்டு. அது எட்டு ஆண்டுகூட முழுசாக நிலைக்கவில்லை. 1997-இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததையொட்டிச் சாதி மோதல் மூண்டபோது, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட அரசு முடிவு செய்தது. அந்தப் பத்தாண்டு முடியும்போது எங்கள் பக்கம் வெறும் வேலூர், வெறும் திருவண்ணாமலை. 'வட ஆற்காடு' என்ற சொல்லும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அம்பேத்கர் பெயரை எடுத்தது பற்றிப் பேச்சு இருந்தது, ஆற்காடு போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2019 நவம்பர் 28

2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. 13 சட்டமன்றத் தொகுதிகள். கிழக்கு முனையில் அரக்கோணம், தென்மேற்கு முனையில் திருப்பத்தூர், இரண்டுக்கும் நடுவில் வேலூர். திருப்பத்தூரிலிருந்து வேலூருக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், அரக்கோணத்திலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்.

அந்தத் தூரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டாவில் அப்பாவின் இனிஷியல் தப்பாக ஏறியிருந்தது. அதைத் திருத்த அவரோடு திங்கட்கிழமை மனு நாளுக்குப் போவேன். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா தாண்டி வேலூரில் இறங்கும்போது எட்டரை ஆகிவிடும். ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவரிடம் எழுதி, வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, கலெக்டர் முன்னால் போய் நிற்பது சில நொடி. 'திருப்பத்தூர் தாசில்தாருக்கு அனுப்புகிறோம்' என்பார்கள். மனு எங்கள் ஊருக்கே திரும்பி வரும், நாங்களும் திரும்பி வருவோம். ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. 'ஜில்லா தூரமா இருக்கு, என்ன பண்றது' என்பார். எனக்குத்தான் தாங்காது.

அதனால் 2019 ஆகஸ்ட் 15-இல் சுதந்திர தின உரையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி வேலூரை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தபோது நான் மனதார மகிழ்ந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. மாநில எல்லைக்கு நாடாளுமன்றம் வேண்டும், மாவட்டத்துக்கு மாநில அரசின் ஆணையே போதும். மூன்றே மாதத்தில், நவம்பர் 28-இல், திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்டன. பழைய கணக்கெடுப்பின்படி வேலூருக்கு 16,14,242 பேர், ராணிப்பேட்டைக்கு 12,10,277, திருப்பத்தூருக்கு 11,11,812. திருப்பத்தூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, ஆம்பூர் என்று எங்களுக்கு நான்கு தாலுகா. ரீட் உட்கார்ந்து நிர்வாகம் பார்த்த ஊருக்கு மறுபடி கலெக்டர் வந்தார்.

இனி, எது சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது அரக்கோணம். மற்றவர்களுக்குத் தூரம் குறைந்தது, அரக்கோணத்துக்காரர்களுக்கு அரைகுறையாகத்தான் குறைந்தது. வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையில் சுமார் 25 கிலோமீட்டர்தான். இரண்டு தலைநகரம் பக்கத்தில் பக்கத்தில், கிழக்கு முனை தனியாக. அரக்கோணத்தை மாவட்டத் தலைநகர் ஆக்கக் கேட்டு அங்கே போராட்டம் நடத்தினார்கள். சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் 69 கிலோமீட்டர், எந்நேரமும் வண்டி. அவர்களுடைய பிழைப்பும் மருத்துவமும் படிப்பும் கிழக்கே பார்த்து இருக்கின்றன, கலெக்டர் மட்டும் மேற்கே. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. பின்னால் சோளிங்கரையும் கலவையையும் தனித் தாலுகா ஆக்கினார்கள். அன்றாடக் காரியத்துக்கு அது நிஜமான உதவி, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் வருவது கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வருவதைவிடச் சாமானியனுக்குப் பயன்.

இரண்டாவது, உள்ளாட்சித் தேர்தல். இதைப் பலர் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பல தடங்கலுக்குப் பிறகு 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தது. ஆனால் புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு மறுவரையறை செய்யாமல் எப்படி மாவட்ட ஊராட்சிக்குத் தேர்தல் நடத்துவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தல் நடத்த நீதிமன்றம் சொன்னது. அதற்கு மேல் கொரோனா. இந்த ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்து ஆண்டு, முழுசாக ஒரு பதவிக்காலம், ஊராட்சித் தலைவரே இல்லாமல் போனது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இருந்தோம். இதில் கடைசி இரண்டு ஆண்டு மாவட்டப் பிரிவினையோடு ஒட்டி வந்த தாமதம். பிரிக்கிற தேதியையும் தேர்தல் தேதியையும் ஒரே அரசுதானே பார்க்கிறது, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டிருக்கலாம்.

மூன்றாவது, காகிதம். கலெக்டர் வந்துவிட்டார், சொந்தக் கட்டடம் 2022-இல் திறந்தது, ஆனால் பழைய கோப்புகள் அதே வேகத்தில் வருவதில்லை. அப்பாவின் இனிஷியல் கோப்பைக் கேட்டு நான் போன அலுவலகத்தில் 'அது பழைய மாவட்டத்தில் இருக்கும்' என்றார்கள். பழைய மாவட்டத்தில் 'உங்கள் தாலுகா கோப்பெல்லாம் கட்டி அனுப்பியாச்சு' என்றார்கள். நாலு மாதம் கழித்துக் கிடைத்தது, புதிய ஊரிலேயே ஒரு மூட்டைக்குள், தாலுகா பெயர் எழுதி, மாவட்டப் பெயர் எழுதாமல். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த ரெக்கார்ட் கிளார்க் அண்ணனுக்கு இன்றும் தீபாவளிக்கு ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எல்லாத் துறைக்கும் ஒரே வரைபடம் இல்லை

கலெக்டரின் மாவட்டம் வருவாய்த் துறையின் மாவட்டம். பத்திரப்பதிவுத் துறைக்குத் தனி மாவட்டம் உண்டு. அரக்கோணமும் செய்யாறும் வருவாய்க் கணக்கில் வெறும் தாலுகாக்கள், பதிவுத் துறைக் கணக்கில் அவை பதிவு மாவட்டங்களின் தலைமையிடங்கள். வில்லங்கச் சான்றுக்கு ஆன்லைனில் மனுப் போடுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே தடுமாறுவது இதனால்தான்: மாவட்டம் என்ற கட்டத்தில் தங்கள் கலெக்டர் ஊரைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். வண்டி எண்ணும் அப்படியே. ராணிப்பேட்டை மாவட்டம் பிறப்பதற்கு முன்பே ராணிப்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு 73 என்ற எண் இருந்தது.

நாடாளுமன்றத் தொகுதிகள் இன்னும் குழப்பம். திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலைத் தொகுதியில், பக்கத்தில் இருக்கிற வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூர்த் தொகுதியில். வேலூர் ஊரை ஒட்டியிருக்கிற காட்பாடி அரக்கோணம் தொகுதியில். கலெக்டர் ஒருவர், எம்.பி. இருவர்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஜவ்வாது மலை. அது ஒரே மலை. மேலே வாழ்கிற மலையாளிப் பழங்குடிகள் ஒரே சனம், அவர்களுக்கு நாடு என்ற பிரிவு அவர்களுடையதே: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. 1911-இலிருந்து 1989 வரை மலை முழுக்க ஒரே ஜில்லா. இன்று ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், பீஞ்சமந்தை பக்கம் வேலூர் மாவட்டம், புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். மூன்று கலெக்டர், மூன்று திட்ட அலுவலகம், மூன்று சாலைத் திட்டம். ஒரு தடவை புதூர்நாட்டுக்கு மேலே போயிருந்தபோது ஒரு பெரியவர் கையை நீட்டி 'அந்தா தெரியுதே, அது என் தங்கச்சியைக் கொடுத்த ஊரு, அது வேற மாவட்டம்' என்றார். நடந்தால் ஒரு மணி நேரம். வண்டியில் போக வேண்டுமென்றால் கீழே இறங்கி, தரை வழியாகச் சுற்றி, இன்னொரு பக்கம் ஏற வேண்டும். மாவட்டம் பிரிக்கும்போது தரையில் இருக்கிற ஊர்களின் தூரத்தைத்தான் அளக்கிறார்கள். மலைக்கு மேலே இருக்கிறவர்களின் தூரத்தை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. மலை முழுவதையும் ஒரே தாலுகா ஆக்கி ஏதாவது ஒரு மாவட்டத்தில் வைக்கலாம், எந்த மாவட்டம் என்பதை அவர்களிடமே கேட்கலாம்.

கோடு போடுவது நிற்கவில்லை. ஆந்திரப் பக்கம் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டமும் உடைந்து, காளகஸ்தி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. இந்தப் பக்கம் செய்யாறுக்காரர்கள் தனி மாவட்டம் கேட்கிறார்கள், ஆரணிக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் தங்கள் ஊர் தலைநகர் ஆகுமா என்று மட்டும் பார்க்காமல், கடைசி முனையில் இருக்கிற கிராமத்திலிருந்து பஸ் எத்தனை மணி நேரம் என்பதையும் ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்தால் நன்றாக இருக்கும்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுத்தரிடம் எழுதக் கொடுத்தபோது அவர் சொத்து விவரத்தில் 'திருப்பத்தூர் மாவட்டம், திருப்பத்தூர் வட்டம்' என்று டைப் அடித்துவிட்டு, 'முன்பு வேலூர் மாவட்டம்னு அடைப்புக்குள்ள போடட்டுமா, வில்லங்கம் பார்க்கிறவங்களுக்குத் தெரியணும் இல்லையா' என்று கேட்டார். நான் தாய்ப்பத்திரத்தைக் காட்டி, சேலம் ஜில்லாவிலிருந்தே போடச் சொன்னேன். இரண்டு வரி கூடுதலாக வந்தது. அதற்குக் கீழே நிலத்தின் எல்லை சொல்லும் செக்குபந்தி: ஓடைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு.